பூட்டு விட்ட கோல்

திங்கட்கிழமை, காலை.

"அக்கா, என் பிளாக்குக்குள்ள எவனோ பூந்துட்டான்."

தம்பி வாசலிலேயே நின்று இதைச் சொன்னான். முகம் கழுவவில்லை, தலை வாரவில்லை. உள்ளே சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அந்தப் பகுதியில் அவளை எல்லோரும் இன்ஸ்பெக்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளிடம் மாட்டிக்கொண்டு உள்ளே போய் வந்தவர்கள்கூட அப்படித்தான். அன்று அவளுக்கு விடுப்பு. விடுப்பு நாளில் வரும் வழக்குகளுக்குச் சம்பளம் கிடையாது, தலைவலி மட்டும் உண்டு என்பது அவளுக்குத் தெரியும்.

விஷயம் ஏற்கெனவே அவள் காதுக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நடந்த கால்பந்து லீக் இறுதி ஆட்டத்தில் பஸ் பணிமனை அணி கடைசி நிமிடத்தில் விழுந்த ஒரே ஒரு கோலில் தோற்றது. ரெஃப்ரி கடைசி விசில் ஊதியது 5.22-க்கு. 5.24-க்கு தம்பியின் 'நடுக்கோடு' வலைப்பூவில் ஒரு கட்டுரை வந்தது. தலைப்பு, 'வலையை விற்றவர்'. பணிமனை அணியின் கோல்கீப்பர் பணம் வாங்கிக்கொண்டு பந்தை விட்டார் என்று அதில் பச்சையாக எழுதியிருந்தது. ராத்திரிக்குள் அதைப் படிக்காத ஆளே இல்லை. காலையில் பணிமனையின் கிளப் செயலாளர் கோல்கீப்பரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். புதன்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடி முடிவு செய்யும். அதுவரை வேலைக்கு வர வேண்டாம்.

அந்த கோல்கீப்பருக்கு ஊர் வைத்த பெயர் பூட்டு. அவர் நின்றால் வலை பூட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். டயர் பிரிவில் தற்காலிக வேலை. இந்த சீசன் முடிந்ததும் நிரந்தரமாக்குகிறேன் என்று செயலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆட்டத்துக்காகக் கொடுத்த வேலை, ஆட்டத்தோடு போய்விடும். அதுதான் புதன்கிழமை தீர்மானமாகப் போகிறது.

"அந்தக் கட்டுரையை நான் எழுதலக்கா. சத்தியமா. படிச்சுப் பாரு, என் எழுத்தே இல்ல அது" என்றான் தம்பி.

அவள் படித்தாள். அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. தம்பி எழுதினால் எந்த நிமிடம், யார் அடித்தது, எந்தக் காலால் அடித்தது என்று மூன்றும் இருக்கும். அது அவனுக்கு ஒரு வெறி. இந்தக் கட்டுரையில் நிமிடம் இல்லை, அடித்தவன் பெயர் இல்லை, படமும் இல்லை. ஆறு பத்தி முழுக்க வசவு. நடுவில் ஒரு பத்தியை அவள் இரண்டு முறை படித்தாள்.

'அந்தப் பந்தைப் பள்ளிக்கூடப் பையன்கூடப் பிடித்திருப்பான். கண் கூசியது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. சாயங்கால வெயில் அவர் முதுகில்தான் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஏன் கை எழவில்லை? எவ்வளவுக்கு என்பதை அவரே சொல்லட்டும்.'

"பாஸ்வேர்டு யார் யார்கிட்ட இருக்கு?"

மூன்று பேரிடம். ஒன்று தம்பி. இரண்டாவது, படம் ஏற்றுவதற்காகப் போட்டோக்காரர். மூன்றாவது, வாராவாரம் உடற்பயிற்சிக் குறிப்பு எழுதும் மாற்று கோல்கீப்பர். பூட்டுக்கு அடிபட்டால் இறங்க வேண்டியவன் என்பதால் இவனை மாற்றுச்சாவி என்பார்கள். பூட்டுக்கு இதுவரை அடிபட்டதில்லை.

"புகார் எழுதிக் குடு. நீ என் தம்பிங்கிறதால நான் எடுக்க முடியாது, வேற ஸ்டேஷனுக்கு அனுப்பறேன்."

தம்பி பின்வாங்கினான். புகார் கிகாரெல்லாம் வேண்டாம், ஊர் சிரிக்கும், நீயே காதும் காதும் வச்ச மாதிரி விசாரித்து, வெளியாள் வேலைதான் என்று கமிட்டியில் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றான். சரி, பயந்திருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கட்டுரையை ஏன் ராத்திரியே தூக்கவில்லை என்று கேட்டதற்கு, தூங்கிவிட்டேன், காலையில்தான் பார்த்தேன் என்றான்.

அவன் போன பிறகும் அவள் அந்த வலைப்பூவைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தாள். அதற்குக் கீழே அதே சாயங்காலம் ஏறிய இன்னொரு கட்டுரை இருந்தது. கடல் கடந்து எங்கோ நடந்த பெரிய லீக் ஆட்டம். எந்த நிமிடம், யார், எந்தக் கால், எல்லாம் சுத்தமாக இருந்தது. இன்னும் கீழே போகப் போக பழைய தம்பி வந்தான்.

முழங்கால் போய் ஆட்டத்தை விட்ட வருடம் அவன் இதை ஆரம்பித்தான். அப்போதெல்லாம் ஒவ்வொரு கட்டுரையும் நீளமாக, ஆசை ஆசையாக இருக்கும். மழையில் நடந்த மூன்றாம் டிவிஷன் ஆட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவான். படிக்கத்தான் நாதி கிடையாது. அக்கா ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை, அங்கே எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரின் போனைக் கடன் வாங்கி ஒரு தடவை திறந்து பார்ப்பாள். மூன்று வாசகர்கள் என்று காட்டும், தம்பி அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுவான். சொந்தமாகத் தேடி வந்த முதல் வாசகர் பூட்டுதான். தன் பெயரிலேயே கீழே கருத்து எழுதுவார். பாராட்டைவிடத் திருத்தம் அதிகம். 'தம்பி, அந்த ஷாட் கம்பத்தில் படவில்லை, என் விரலில் பட்டுத்தான் வெளியே போனது' என்பார். தம்பிக்கு அது பட்டம் வாங்கியது மாதிரி இருக்கும்.

பிறகு ஒருநாள் அவன் ஒரு ரெஃப்ரியைக் கிழித்து எழுதினான். கூட்டம் எறும்பாய் மொய்த்தது. அடுத்து ஒரு கோச்சைக் கிழித்தான். அதற்கடுத்து, விசில் ஊதி முடிப்பதற்குள் கட்டுரை வெளியே இருக்க வேண்டும், முதலில் போடுகிறவனுக்குத்தான் வாசகன் என்று கண்டுபிடித்தான். எப்படிடா இவ்வளவு சீக்கிரம் எழுதுகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். என் தம்பிக்குக் கை அவ்வளவு வேகம் என்று ஊரெல்லாம் பெருமையடித்தது யார்? அவளேதான்.

திங்கட்கிழமை, மதியம்.

பூட்டின் வீடு மாடியில் ஒற்றை அறை. அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலியில் கிடந்த சட்டைகளையும் எடுக்கவில்லை. கட்டுரையைத் தம்பி எழுதவில்லையாம் என்று அக்கா நின்றுகொண்டே சொல்ல வேண்டியிருந்தது. போலீஸ்காரி நிற்க, சட்டை உட்கார்ந்திருக்கிற வீட்டை அவள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"பணம் வாங்கினீங்களா?"

"இல்ல மேடம்."

"பந்து எப்படி உள்ள போச்சு?"

"கண்ணு தெரியல. வெயில்னு சொன்னேன், செயலாளர் சிரிச்சார். கட்டுரையை நீட்டிக் காட்டினார். அதுக்கு மேல நான் என்ன சொல்ல? எல்லாரும் அங்கதானே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தாங்க."

"பாத்தவங்க யாரும் உங்களுக்காகப் பேசலையா?"

"பேசினாங்க. எவ்வளவு வாங்கினேன்னு பேசினாங்க."

இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் முழுவதையும் அவர் மனைவி வைத்திருந்தாள். மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, அக்காவை நேராகப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்துல என் பொண்ணைப் பாத்து, உங்கப்பா என்ன விலைன்னு கேட்டிருக்காங்க. உங்க தம்பி எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டிருக்கார். அவர் எழுதலன்னு சொல்றீங்க. சரி, எழுதல. அது வந்ததும் உடனே தூக்கியிருக்கலாம் இல்ல?"

 தூங்கிவிட்டானாம் என்று சொல்ல அக்காவுக்கு நா எழவில்லை.

அங்கிருந்து அவள் நேராகப் பணிமனைக்குப் போனாள். மாற்றுச்சாவி கேன்டீனில் இருந்தான். துக்க வீட்டில் இருப்பவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டுக்கொண்டிருந்தான். ஆனால் சட்டை புதுசு, முடி அன்று காலைதான் வெட்டியது. நான்கு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து, பெஞ்சுக்கே தன் பெயர் வைத்துவிடுவார்களோ என்று பயந்தவன். இப்போது அவனுக்கு வழி திறந்திருந்தது.

"நேத்து அஞ்சேகால் மணியிலேருந்து அஞ்சரை வரைக்கும் போன் எங்க இருந்தது?"

"லாக்கர்ல. ஆட்டத்துக்கு முன்னாடியே எல்லார் போனையும் கோச் வாங்கி வச்சுப் பூட்டிடுவார் மேடம். சட்டை மாத்தினப்புறம்தான் தருவார். யாரை வேணா கேளுங்க."

கோச்சிடம் கேட்டாள். உண்மைதான். போன்களைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. சாவி கோச்சின் கழுத்திலேயே தொங்கும்.

"கட்டுரையைப் படிச்சியா?"

"தலைப்பு படிச்சேன். அதுக்கு மேல எதுக்கு?" என்றவன், என்ன நினைத்தானோ, கொஞ்சம் இறங்கி வந்தான். "அன்னிக்கு ஆரம்பமே சரியில்ல மேடம். டாஸ் தோத்தோம். இங்க நாங்க டாஸ் தோத்தாலும் வெளியூர்க்காரங்க முதல் உதைக்குப் பந்தைத்தான் கேப்பாங்க, எங்களுக்குப் பிடிச்ச பக்கத்துல நாங்க நிப்போம். இவங்க விவரமானவங்க. அப்பவே கேப்டன் முகம் செத்துப்போச்சு."

மாற்றுச்சாவி பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்தவன் விழுந்ததில் சந்தோஷப்படுவது குற்றம் இல்லை. அது குற்றமாக இருந்தால் பாதி ஊரை உள்ளே வைக்க வேண்டியிருக்கும்.

போட்டோக்காரரின் ஸ்டுடியோவில் ஒரு குழந்தை பாஸ்போர்ட் படத்துக்கு உட்காராமல் வீறிட்டுக்கொண்டிருந்தது. அது அடங்கி, அதன் அம்மா பணம் கொடுத்துப் போகும்வரை அக்கா காத்திருந்தாள். போட்டோக்காரருக்கும் தம்பிக்கும் மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. படத்துக்குக் கீழே அவர் பெயரைப் போடாமல் 'நடுக்கோடு' என்று முத்திரை குத்தியதில் வந்த சண்டை. அதிலிருந்து அவர் படம் அனுப்புவதே இல்லை.

"உங்களுக்குத் தம்பி மேல கோபம். பாஸ்வேர்டு இருக்கு. கையில போனும் இருந்தது."

"கோபம் இருக்கு மேடம், மறைக்க மாட்டேன். ஆனா பழி வாங்கணும்னா அவரைப் பத்தியில்ல எழுதுவேன்? பூட்டு எனக்கு என்ன பண்ணினார்?"

"ஞாயித்துக்கிழமை தம்பியைப் பாத்தீங்களா?"

"கூட்டத்துல கவனிக்கல. அவர் எப்பவும் தண்ணித்தொட்டிப் பக்கம், கோல்போஸ்டுக்குப் பின்னாடி உக்காருவார். ரெண்டாவது பாதியில நம்ம கோல் அங்கதானே இருக்கும். நான் பக்கவாட்டுக் கோட்டுல ஓடிக்கிட்டே இருக்கிற ஆள்."

கோல் விழுந்த கணத்தைப் படம் எடுத்திருக்கிறாரா என்று கேட்டாள். எடுத்திருந்தார். கேமராவின் சின்னத் திரையில் அவள் அதைப் பார்த்தாள். பந்து தலைக்கு மேலே வருகிறது. பூட்டு ஒரு கையைப் புருவத்துக்கு மேல் வைத்திருக்கிறார், கண்கள் இடுங்கிப்போய் முகம் முழுக்கச் சுருக்கம். அவர் நிழல் நீளமாகப் பின்பக்கம் சரிந்து, வலைக்குள் போய் விழுந்திருக்கிறது.

"இதை யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"யாரும் கேக்கல மேடம். கட்டுரை வந்தப்புறம் படத்தை யார் பாக்கறாங்க?"

அவள் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரதி ஒன்று போட்டுத் தரச் சொன்னாள். வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகாமல் மைதானத்துக்குப் போனாள். கிழக்கே வாசல், மேற்கே தண்ணீர்த் தொட்டி. நடுவில் ஒரு ஈ காக்கை இல்லை. சூரியன் தொட்டிக்குப் பக்கத்தில் இறங்கும்வரை அங்கேயே நின்றாள்.  தான் நினைப்பது தப்பாக இருக்க வேண்டும் என்று, போலீஸ் வேலைக்கு வந்த பிறகு முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு.

தம்பியை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். ஸ்டேஷனில் எத்தனையோ பேரை மேஜைக்கு எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறாள், ஒருவருக்கும் சோறு போட்டதில்லை. 

விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்று தம்பி கேட்டான். மாற்றுச்சாவி மேல் சந்தேகம் இருக்கிறதா என்றான். அவள் தலையை ஆட்டி வைத்தாள். பிறகு, கமிட்டியில் கேட்டால் சொல்ல வேண்டும் என்பதுபோல, சாதாரணமாகக் கேட்டாள்.

"நீ அன்னிக்கு எங்க உக்காந்திருந்தே?"

"வழக்கமான இடம்தான். தொட்டிப் பக்கம்."

"கோல் விழுந்ததைப் பாத்தியா?"

"கண்ணு முன்னாடிதான் விழுந்துச்சு. பூட்டோட முதுகு எனக்கு நேரா இருந்தது. பத்தடி தூரம் இருக்கும். அவர் மேல தப்பு இல்லக்கா, பந்து கொஞ்சம் திரும்பிடுச்சு. கமிட்டியில நானே சொல்றேன், நான் சாட்சி."

"இன்னும் கொஞ்சம் சோறு போடவா?"

"போடு."

போட்டாள். அவன் சாப்பிட்டு, கை கழுவி, அவள் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டு போனான். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். அவன் போன பிறகு அவள் சாப்பிடவில்லை. அடுக்களையில் நின்று அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, செயலாளருக்குப் போன் செய்து, கமிட்டிக்குப் பூட்டு, மாற்றுச்சாவி, போட்டோக்காரர், தம்பி நான்கு பேரையும் வரச் சொல்லுங்கள் என்றாள்.

புதன்கிழமை, சாயங்காலம்.

கமிட்டி அறையில் நீள மேஜை, மேலே டக் டக்கென்று சத்தம் போடும் மின்விசிறி, சுவர் முழுக்கக் கோப்பைகள். செயலாளர் நடு நாற்காலியில். பூட்டு ஓரத்தில் கைகளை முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். மாற்றுச்சாவியும் போட்டோக்காரரும் சுவரோரம். தம்பி அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

அவள் எழுந்து நின்றே பேசினாள்.

"விசில் 5.22. கட்டுரை 5.24. ஆறு பத்தி. ரெண்டு நிமிஷத்துல இதை எழுத யாராலும் முடியாது. அப்போ இது முன்னாடியே எழுதி வச்சது. அதனாலதான் இதுல நிமிஷம் இல்ல, கோல் அடிச்சவன் பேர் இல்ல. எழுதினப்போ கோலே விழல. ஆட்டமே ஆரம்பிக்கல."

செயலாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். அப்படியானால் பணம் வாங்கியதை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார்.

"பாக்கறதுக்கு என்ன இருந்தது? தோத்தா திட்டணும்னு எழுதி வச்சது சார் இது. தோத்தாங்க, வெளியிடற பட்டனை அழுத்திட்டாங்க. அழுத்தினது யாருங்கிறதுதான் கேள்வி."

அவள் கட்டுரையின் அந்தப் பத்தியை வாசித்தாள். சாயங்கால வெயில் அவர் முதுகில்தான் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு போட்டோக்காரர் தந்த படத்தை மேஜையில் வைத்தாள்.

"நிழலைப் பாருங்க. பின்னாடி விழுந்திருக்கு. வெயில் நேரா கண்ணுல. நம்ம மைதானத்துல ரெண்டாவது பாதியில நம்ம கோல்கீப்பர் எப்பவும் தொட்டிப் பக்கம் நிப்பார், வெயில் முதுகுல இருக்கும். வருஷக்கணக்கா இதான் வழக்கம். ஆனா ஞாயித்துக்கிழமை அந்த அணி டாஸ் ஜெயிச்சு, பந்தைக் கேக்காம பக்கத்தைக் கேட்டது. எல்லாம் தலைகீழா மாறிடுச்சு. அந்த கோல் விழுந்தது வாசல் பக்கம். அவர் வெயிலைப் பாத்து நின்னார்."

 கமிட்டிக்காரர்கள் எல்லோரும் அன்று மைதானத்தில் இருந்தவர்கள். செயலாளர் நடு வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணுக்கு மேல் தாளைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு மூன்று நாளாகப் படித்ததை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"மாத்துக் கோல்கீப்பர் பெஞ்சுல இருந்தார். போன் லாக்கர்ல. அவரால அழுத்தியிருக்க முடியாது. போட்டோக்காரர் இந்தப் படத்தை எடுத்தவர். வெயில் எங்க இருந்ததுன்னு அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர் அழுத்தியிருந்தா அந்த வரியை அடிச்சுட்டுத்தான் அழுத்தியிருப்பார். மைதானத்துல இருந்த யாரா இருந்தாலும் அடிச்சிருப்பாங்க. அப்போ இதைப் போட்டவர் மைதானத்துலயே இல்ல. ஆனா இந்த மைதானத்தை அக்குவேறா ஆணிவேறா தெரிஞ்சவர். அவ்வளவு நல்லா தெரிஞ்சதாலதான், போய்ப் பாக்காமலே எழுதிடலாம்னு நினைச்சார்."

தம்பியின் நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"நேத்து நான் சோறு போட்டுட்டுக் கேட்டேன், எங்க உக்காந்திருந்தேன்னு. தொட்டிப் பக்கம்னு சொன்னான். கோல் கண்ணு முன்னாடி விழுந்துச்சு, இவர் முதுகு பத்தடி தூரத்துல இருந்துச்சுன்னான். தொட்டிப் பக்கம் உக்காந்திருந்தா, அந்த கோல் மைதானத்தோட அந்தக் கோடியில விழுந்திருக்கும். அதே நேரத்துல நடந்த வெளிநாட்டு ஆட்டத்தை இவன் நிமிஷம் பிசகாம எழுதியிருக்கான். வீட்டுல டிவி முன்னாடி இருந்திருக்கான் சார். கிளப் போன் குழுவில ஆட்டம் முடிஞ்சது, ரெண்டாவது பாதி கோல், பூஜ்யம் ஒண்ணுன்னு வந்தது. அதைப் பாத்து அழுத்தினான். எவனும் உள்ள பூரல. இது என் தம்பி பண்ணினது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் அவனைப் பார்க்கவில்லை.

தம்பி மறுக்கவில்லை. மேஜையைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தான். எல்லா ஆட்டத்துக்கும் இரண்டு கட்டுரை எழுதி வைப்பானாம். ஜெயித்தால் போட ஒன்று, தோற்றால் போட ஒன்று. ஜெயித்திருந்தால் அதே பூட்டைத் தெய்வம் என்று எழுதியது தயாராக இருந்ததாம். முன்பெல்லாம் நிமிடமும் பெயரும் ஆட்டம் முடிந்ததும் கேட்டுச் சேர்ப்பான். அதற்குள் வேறொருவன் முந்திவிடுகிறான் என்று இந்த முறை அதையும் விட்டுவிட்டான். மைதானத்துக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது.

"வெளிநாட்டு ஆட்டத்தை எழுதினாதான் வர்றாங்க. இல்லன்னா யாரையாவது திட்டணும். நான் மூணு வருஷம் ஒழுங்கா எழுதினேனே, யார் வந்தாங்க?"

"நான் வந்தேன்" என்றார் பூட்டு.

அந்த அறையில் அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

கட்டுரையை ராத்திரியே ஏன் தூக்கவில்லை என்று செயலாளர் கேட்டார்.  அதற்கும் பதில் அக்காவே சொன்னாள். தூங்கவில்லை, விடிய விடிய வாசகர் கணக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்று தெரிந்ததும்தான் பயம் வந்தது, திருடன் என்று கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்தான்.

கமிட்டி ஐந்து நிமிடம் தனியாகக் கூடியது. பூட்டு மேல் குற்றம் எதுவும் இல்லை என்று செயலாளர் வெளியே வந்து அறிவித்தார். தம்பி நடந்ததை அப்படியே வலைப்பூவில் எழுத வேண்டும் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆனாலும் என்றார். ரசிகர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள், ஸ்பான்சர்கள் கேள்வி கேட்கிறார்கள், எல்லாம் ஆறட்டும், ஒரு சீசன் மாற்றுச்சாவி நிற்கட்டும், நிரந்தர வேலை விஷயத்தை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். கேட்க இதமாகத்தான் இருந்தது. கை கழுவுவது என்பதை இவ்வளவு மரியாதையாகச் செய்ய முடியும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஆடாதவருக்கு அடுத்த வருடம் எவனும் எதையும் பார்க்கப்போவதில்லை. அவள் எதிர்த்துப் பேசினாள், கத்தினாள்கூட. செயலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

வாசலில் பூட்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அவன் உண்மையை எழுதுவான். நான் பக்கத்துல உக்காந்து எழுத வைக்கிறேன். ஊர் முழுக்கப் படிக்கும், அப்புறம் இவங்க மாறித்தான் ஆகணும்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். படி இறங்கி, தெருவைக் கடந்து, பஸ்ஸில் ஏறாமல் நடந்தே போனார்.

அன்றே தம்பி எழுதினான். அவள் சொன்னபடி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். டாஸ், வெயில், நிழல், படம், எல்லாம் இருந்தது. படத்துக்குக் கீழே போட்டோக்காரர் பெயர் இருந்தது. தலைப்பை மட்டும் அவள் வீட்டுக்குப் போன பிறகு மாற்றிக்கொண்டான். 'என்னைப் பிடித்தது என் அக்கா.'

சனிக்கிழமை காலை, அவள் ஸ்டேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பியின் குரலில் பழைய துள்ளல் திரும்பியிருந்தது.

"அக்கா, அந்த மன்னிப்புக் கட்டுரை எங்கேயோ போயிடுச்சுக்கா. நான் எழுதினதுலயே இதுதான் ஜாஸ்தி பேர் படிச்சது. எல்லாரும் என் நேர்மையைப் பாராட்டறாங்க. ஒரு ஷூ கம்பெனிக்காரன் விளம்பரம் தரேன்னு கூப்பிட்டிருக்கான். உன்னையும் ஒரு பேட்டி எடுக்கச் சொல்லிக் கேக்கறாங்க."

அவள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பூட்டைப் பத்தி யாராவது கேட்டாங்களா? அவர் வேலையைப் பத்தி?"

"வேலையைப் பத்திக் கேக்கல" என்றான். கொஞ்சம் தயங்கினான். "அவர் நிஜமா காசு வாங்கினாரா இல்லையான்னு ஓட்டெடுப்பு வையுங்கன்னு நிறைய பேர் கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"வச்சிருக்கேன்க்கா, சும்மா ஒரு நாளைக்குத்தான். கவலைப்படாதே, கிட்டத்தட்ட சரிபாதியா போய்க்கிட்டிருக்கு."